சாம்பார்பொடி கசக்குது, நிறமும் மங்கல். எந்த இடத்துல தப்பு?

கத்திரிவத்தல்

முதல் தடவையா மொத்தமா சாம்பார்பொடி அரைச்சேன். அளவு இதுதான்: நீட்டு மிளகாய் 250 கிராம், தனியா 500, துவரம்பருப்பு 100, கடலைப்பருப்பு 100, மிளகு 50, சீரகம் 25, வெந்தயம் 75, விரலி மஞ்சள் 50, கட்டிப் பெருங்காயம் 10. மஞ்சளைத் தவிர மத்த எல்லாத்தையும் பெரிய இரும்புச்சட்டியில ஒண்ணாக் கொட்டி, தனியா சிவக்கிற வரைக்கும் வறுத்தேன். மில்லுல அரைச்சு, வீட்டுக்கு வந்த உடனே ஒரே பெரிய பிளாஸ்டிக் டப்பாவுல அழுத்தி மூடி வச்சாச்சு.

இப்ப பொடி கசக்குது. வாயில போட்டதும் தெரியல, முழுங்கின அப்புறம் அடிநாக்குல தங்குது. நிறம் சிவப்பா இல்லாம மண்ணு மாதிரி பழுப்பு. பத்து நாள்ல மேல்பக்கம் சின்னச் சின்ன கட்டி. மணமும் குறைஞ்சுட்டே வருது. ஒரு கிலோவுக்கு மேல இருக்கு, கொட்ட மனசு வரல. காப்பாத்த வழி இருக்கா? அடுத்த தடவை என்ன மாத்தணும்?

மேலவீதி

கசப்பு வெந்தயத்தால் வந்தது. அளவும் தப்பு, வறுத்த விதமும் தப்பு.

முதலில் அளவு. கால் கிலோ மிளகாய்க்கு அரைக் கிலோ தனியா என்ற கணக்கில் வெந்தயம் 25 கிராம் போதும். 50 போடுகிற வீடுகளும் உண்டு, அதுவே எனக்கு அதிகம். நீங்கள் 75 போட்டிருக்கிறீர்கள். உங்கள் மொத்தம் 1160 கிராம், அதில் ஆறரை சதவீதம் வெந்தயம். சரியான பொடியில் அது இரண்டு சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும்.

அடுத்தது வறுவல். சாமான் ஒவ்வொன்றுக்கும் வறுபடும் நேரம் வேறு. அரைக் கிலோ தனியா சூடேறி வாசம் வர ஏழெட்டு நிமிஷம் ஆகும். வெந்தயத்துக்குச் சூடான சட்டியில் ஒன்றரை நிமிஷம்கூடத் தேவையில்லை. ஒன்றாகக் கொட்டினால் தனியா பதத்துக்கு வருவதற்குள் வெந்தயம் கருகியிருக்கும். பச்சை வெந்தயத்தின் கசப்பு வேறு, கருகிய வெந்தயத்தின் கசப்பு வேறு. இரண்டாவதை வெல்லம் போட்டும் மறைக்க முடியாது.

வெந்தயத்தின் பதத்தைக் கண்ணாலும் மூக்காலும் பிடிக்க வேண்டும். வெறும் சட்டி, சிறு தீ, கரண்டி நிற்கவே கூடாது. பழுத்த மஞ்சளாக இருக்கும் விதை முதலில் கொஞ்சம் வெளுத்த மாதிரி தெரியும். பிறகு ஓரம் லேசாகச் சிவக்கும், அதே நேரத்தில் ஒரு இனிப்பு வாசம் எழும். அந்த வாசம் வந்த நொடியில் தட்டில் கொட்டிவிட வேண்டும். அடுப்பை அணைத்துவிட்டுச் சட்டியிலேயே விடுவது தப்பு. இரும்புச்சட்டி அணைத்த பிறகும் இரண்டு நிமிஷம் வறுத்துக்கொண்டே இருக்கும். செங்கல் நிறம் வந்துவிட்டால் அந்த 25 கிராமைக் கொட்டிவிட்டுப் புதிதாக வறுங்கள். நஷ்டம் சில ரூபாய்தான், விட்டால் ஒரு கிலோ போகும்.

மற்றவை:

துவரம்பருப்பும் கடலைப்பருப்பும் தனித்தனியாக, பொன்னிறமாக. மேலே சிவந்து உள்ளே பச்சையாக இருப்பதுதான் வழக்கமான ஏமாற்று. ஒன்றை எடுத்துக் கடித்துப் பாருங்கள், "டக்"கென்று உடைந்து உள்ளும் ஒரே நிறமாக இருக்க வேண்டும். பருப்பு பச்சையாக இருந்தால் சாம்பார் கூழ் மாதிரி ஆகும், பொடியில் வண்டும் சீக்கிரம் வரும்.

மிளகு, ஒன்றிரண்டு வெடிக்கிற வரை. முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.

தனியாவை 250, 250 ஆக இரண்டு ஈடாக வறுங்கள். சிவக்கவே தேவையில்லை. கையில் எடுத்து நசுக்கினால் நொறுங்க வேண்டும், அவ்வளவுதான். சிவந்த தனியா பொடியைப் பழுப்பாக்கும்.

சீரகம் தஞ்சாவூர்ப் பக்கத்துச் சாம்பார்பொடியில் பல வீடுகளில் கிடையாது. அதன் இடம் ரசப்பொடி. போட்டே ஆக வேண்டுமென்றால், தனியாவைக் கொட்டிய சட்டியின் சூட்டில் ஒரு புரட்டு.

மிளகாயை வறுக்காமல் வெயிலில் காய வைப்பதே மேல். சிவப்பெல்லாம் தோலில்தான் இருக்கிறது, அது கருகினால் நிறம் திரும்பாது. நல்ல வெயிலில் இரண்டு நாள். குலுக்கினால் விதை கலகலவென்று சத்தம் போட வேண்டும், ஒடித்தால் வளையாமல் முறிய வேண்டும். காம்பைக் காய்ந்த பிறகு கிள்ளுங்கள். முன்பே கிள்ளினால் விதை வெயிலில் பாதி கொட்டிப் போகும். மழைக்காலமாக இருந்தால் ஒரு ஸ்பூன் நல்லெண்ணெய் விட்டு, சிறு தீயில், மிளகாய் உப்பிப் பளபளப்பாகும் வரை மட்டும்.

250-ஐயும் ஒரே மிளகாயாகப் போடாதீர்கள். நீட்டு 150, குண்டு 50, ப்யாடகி 50 என்று பிரித்துப் பாருங்கள். காரம் நீட்டில், மணம் குண்டில், நிறம் ப்யாடகியில். ராமநாதபுரம் குண்டு மிளகாய்க்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கடையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் இப்போது தெரிகிறது.

இருக்கிற பொடிக்கு வழி: வெந்தயமே இல்லாமல் இதே அளவில் புதிதாக அரைத்து, பழையது ஒரு பங்கு, புதியது இரண்டு பங்கு என்று கலந்தால் வெந்தயம் இரண்டு சதவீதத்துக்கு இறங்கும். மொத்தத்தையும் ஒரே நாளில் கலக்க வேண்டாம். 50 கிராமுக்கு 100 கிராம் கலந்து ஒரு சாம்பார் வைத்துப் பாருங்கள். கருகல் வாடை அதிலும் தெரிந்தால் விட்டுவிட வேண்டியதுதான்.

செக்கெண்ணெய்

மேலவீதி வறுவலைச் சொல்லியாச்சு. கட்டிக்கும் மணத்துக்கும் காரணம் மில்லுக்கு அப்புறம் நடந்தது.

மிஷின்ல இருந்து பொடி வெளிய வர்றப்ப கை வைக்க முடியாத சூட்டுல இருக்கும். அதை அப்படியே மூடினா உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகி, மூடியில பட்டு வேர்த்து, மேல்பொடியில சொட்டும். உங்க கட்டி மேல்பக்கம் மட்டும் இருக்குன்னு சொல்றீங்களே, அதான் அடையாளம். வீட்டுக்கு வந்ததும் துவைச்ச பருத்தி வேட்டியிலயோ பெரிய தாம்பாளத்துலயோ விரல் கனத்துக்குப் பரப்பணும். செய்தித்தாள் வேண்டாம், சூட்டுல மை ஒட்டும். ஃபேனை நிறுத்திட்டு, அரை மணிக்கு ஒருக்கா கிளறி விட்டு, மூணு நாலு மணி நேரம். புறங்கையை வச்சா சூடே தெரியக்கூடாது. அப்புறம் ஒரு தடவை சலிச்சுட்டு டப்பாவுல போடுங்க.

இப்ப இருக்கிற கட்டியை உடைச்சு மோந்து பாருங்க. சும்மா இறுகினதுன்னா விரல்ல உதிரும், மசாலா வாசம்தான் வரும், சலிச்சுக்கலாம். உள்ள சாம்பல், பச்சை நூல் மாதிரி ஏதாவது தெரிஞ்சாலோ, பழைய கோணிச்சாக்கு வாடை வந்தாலோ, மேல அள்ளிப் போட்டுட்டு அடியில இருக்கிறதை வச்சுக்கலாம்னு நினைக்காதீங்க. முழுசாக் கொட்டணும்.

மில்லுல கவனிக்க வேண்டியது இன்னும் சில:

- உங்களுக்கு முன்னாடி என்ன அரைச்சாங்கன்னு கேளுங்க. சீயக்காயோ கம்போ ஓடியிருந்தா ஒரு கைப்பிடி தனியாவைத் தனியா ஓட்டி அதை ஒதுக்கிட்டு அப்புறம் மொத்தத்தைப் போடச் சொல்லணும்.
- விரலி மஞ்சளை அப்படியே போட்டா மிஷின் திக்கும், துண்டு துண்டா வெளிய வரும். வீட்டுல உரல்லயோ, துணியில சுத்திக் குழவியாலயோ தட்டி, துவரம்பருப்பு அளவுக்கு நொறுக்கிக் கொண்டு போங்க. மஞ்சளை வறுக்காததுல நீங்க செஞ்சது சரி. ஆனா 50 கொஞ்சம் தூக்கல், 25 போதும். மஞ்சள் ஏறினாலும் மண்வாடை அடிக்கும், மெல்லிசாக் கசக்கும்.
- மிளகாயை மட்டும் தனியா ஓட்டாதீங்க. தனியா, பருப்போட கலந்து ஓட்டினா சூடு குறையும், நிறமும் நிக்கும்.
- கட்டிப் பெருங்காயத்தை மில்லுக்கே கொண்டு போகாதீங்க. சூட்டுல இளகி சல்லடையில அப்பிக்கும், உங்க பெருங்காயம் அடுத்த ஆளோட மல்லித்தூளுக்குப் போகும்.

ரொம்ப நைஸாவும் வேண்டாம். விரல்ல தேய்ச்சா லேசா நெறுநெறுன்னு இருக்கணும். நைஸ் பொடிக்கு மணம் சீக்கிரம் பறக்கும்.

கத்திரிவத்தல்

ரெண்டு பேருக்கும் நன்றி. கட்டியை உடைச்சுப் பார்த்தேன், உதிருது, பூஞ்சை இல்ல. வெந்தயம் இல்லாம 300 கிராம் மட்டும் அரைச்சு, மேலவீதி சொன்ன மாதிரி ஒண்ணுக்கு ரெண்டு கலந்தேன். பொடியை நாக்குல வச்சா பரவாயில்ல. ஆனா சாம்பாரா வச்சா இன்னும் கசப்பு எட்டிப் பார்க்குது. நான் வைக்கிற முறை: எண்ணெய்ல கடுகு, ஒரு ஸ்பூன் வெந்தயம், மிளகாய் தாளிச்சு, வெங்காயம் வதக்கி, அதுலயே ரெண்டு ஸ்பூன் பொடியைப் போட்டு நல்லா வதக்கி, புளித்தண்ணி ஊத்தி, காயைப் போட்டு வேக வச்சு, கடைசியில பருப்பு.

ஈயச்சொம்பு

இப்போது கசப்பு பொடியில் இல்லை, தாளிப்பில் இருக்கிறது. ஒரு ஸ்பூன் வெந்தயம் நாலு பேர் சாம்பாருக்கு மிக அதிகம், கால் ஸ்பூன் போதும். பொடியிலும் வெந்தயம் இருக்கும்போது தாளிப்பில் விட்டேவிடலாம். வரிசையும் முக்கியம். கடுகோடு சேர்த்து வெந்தயத்தைப் போட்டால் கடுகு வெடித்து ஓய்வதற்குள் வெந்தயம் கருத்துவிடும். கடுகு பொரிந்து சத்தம் அடங்கட்டும், தீயைக் குறையுங்கள், வெந்தயம், அது நிறம் மாறும்போதே கிள்ளிய மிளகாய், பெருங்காயம், கடைசியில் கறிவேப்பிலை, உடனே அடுப்பை அணைத்துவிடுங்கள். கறிவேப்பிலையின் ஈரம் எண்ணெயின் சூட்டைச் சட்டென்று இறக்கும், வெந்தயமும் அங்கேயே நிற்கும். தாளிப்பில் கறிவேப்பிலைக்கு மணத்தைத் தவிர இந்த வேலையும் உண்டு.

இரண்டாவது, பொடியை எண்ணெயில் "நல்லா" வதக்குவது. மிளகாயின் நிறம் எண்ணெயில்தான் இறங்கும் என்பதால் வதக்குவது தப்பில்லை. ஆனால் சிறு தீயில் இருபது, முப்பது விநாடிதான். பொடி எண்ணெயை இழுத்து நுரைத்ததும் புளித்தண்ணீர் விழுந்துவிட வேண்டும். தண்ணீரை முன்கூட்டியே கையில் வைத்துக்கொண்டு பொடியைப் போடுங்கள். பயமாக இருந்தால் எண்ணெய் வழியையே விடுங்கள், கொதிக்கிற புளித்தண்ணீரில் பொடியைப் போட்டுப் பச்சை வாசனை போகக் கொதிக்க விடுவதுதான் பழைய முறை. எட்டு, பத்து நிமிஷம் ஆகும்.

மூன்றாவது கசப்புக்குச் சம்பந்தமில்லாதது, ஆனால் மணத்துக்குச் சம்பந்தம் உண்டு. புளியில் காய் மெதுவாகத்தான் வேகும். முருங்கைக்காய், முள்ளங்கி எல்லாம் புளித்தண்ணீரில் போட்டால் அவை வேகிற வரை பொடியும் இருபது நிமிஷம் கொதிக்கும், இருந்த மணமெல்லாம் ஆவியில் போய்விடும். காயை உப்பும் மஞ்சளும் போட்டுத் தண்ணீரில் முக்கால் பதம் வேக வைத்துவிட்டு அப்புறம் புளியும் பொடியும். பருப்பு சேர்ந்த பிறகு மூன்று நாலு நிமிஷத்துக்கு மேல் வேண்டாம். கொத்தமல்லித் தண்டை நறுக்கிக் கொதியில் போடுங்கள், இலையை இறக்கிய பிறகு தூவி மூடுங்கள்.

நாலு பேருக்கு: துவரம்பருப்பு 100 கிராம், பெரிய நெல்லிக்காய் அளவு புளி, பொடி கோபுரமாக இரண்டு டீஸ்பூன். மணம் குறைந்த பழைய பொடியாக இருந்தால் பொடியைக் கூட்டாதீர்கள், காரம்தான் ஏறும். ஒரு ஸ்பூன் தனியா, அரை ஸ்பூன் கடலைப்பருப்பு, ஒரு மிளகாய், இரண்டு ஸ்பூன் தேங்காய்த் துருவல், எல்லாம் வறுத்து அரைத்து இறக்குவதற்கு முன்னால் விடுங்கள். பொடி பழசு என்று யாருக்கும் தெரியாது.

பனங்கிழங்கு

வெந்தயத்தைப் பற்றி எல்லாரும் சொன்னது சரி. ஆனா "சிவந்தா பிழை" எண்டதைப் பொதுவா எடுக்கக் கூடாது. யாழ்ப்பாணத்துக் கறித்தூளுக்கு மல்லியைச் சிவக்கத்தான் வறுக்கிறது, செத்தல் மிளகாயையும் கடுஞ்சிவப்பு வரும்வரை வறுக்கிறது. தூள் கறுப்புச் சாய்ந்த சிவப்பா வந்தால்தான் மீன் குழம்புக்கும் இறைச்சிக்கும் அந்த நிறமும் மணமும் வரும். அதில பருப்பு போடுறேல்லை.

அளவு: செத்தல் 500 கிராம், மல்லி 500, பெருஞ்சீரகம் 100, மிளகு 50, நற்சீரகம் 50, வெந்தயம் 25, மஞ்சள் 25, இரண்டு கைப்பிடி கறிவேப்பிலை. ஒரு கிலோவைத் தாண்டின தூளுக்கும் வெந்தயம் 25 தான் எண்டதைக் கவனியுங்கோ. வறுக்கேக்க மல்லி முதல், அது பாதி சிவந்ததும் மிளகு, பிறகு வெந்தயம் கடைசி ஒரு நிமிஷம். பெருஞ்சீரகமும் நற்சீரகமும் அடுப்பை நிப்பாட்டின பிறகு அந்தச் சூட்டில பிரட்டினால் காணும். கறிவேப்பிலையைக் கழுவி, நிழலில உலர்த்தி, வேறயா மொறுமொறு எண்டு வறுக்க வேணும். ஈரத்தோட போட்டால் ஒரு கிழமையில தூள் கட்டி பிடிக்கும். செத்தலைத் தனியா, ஜன்னலைத் திறந்து வைச்சு வறுங்கோ, இல்லாட்டி வீடு முழுக்கத் தும்மல்தான்.

இந்தத் தூளில சாம்பார் வைக்காதேங்கோ, பெருஞ்சீரகம் தூக்கி நிக்கும். அதே மாதிரிச் சாம்பார்பொடியில மீன் குழம்பு வைச்சால் பருப்பு தடிச்சுப்போகும்.

கத்திரிவத்தல்

வெந்தயம் இல்லாம தாளிச்சுப் பார்த்தேன், கசப்பு சுத்தமா இல்ல! பொடி இவ்வளவு நாளா பாதி பழியை வீணா சுமந்திருக்கு. இனி வைக்கிறது எப்படி? கல்உப்பு கலந்து வச்சா வண்டு வராதுன்னு சொல்றாங்களே. பெருங்காயத்தை மில்லுல போடாம எப்படிச் சேர்க்கிறது?

செக்கெண்ணெய்

மிளகாய்த்தூளுக்கு உப்பு சரி. கிலோவுக்கு ஒரு கைப்பிடி காய்ஞ்ச கல்உப்பைச் சேர்த்தே அரைப்பாங்க.

மேலவீதி

சாம்பார்பொடிக்கு வேண்டாம். உப்பு காற்றிலிருந்து ஈரத்தை இழுக்கும், இதில் பருப்பு வேறு இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் பாறையாகிவிடும். குழம்பில் உப்புக் கணக்கும் தவறும். மிளகாய்த்தூள் விஷயத்தில் செக்கெண்ணெய் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன்.

வண்டுக்கு மருந்து சரியான வறுவலும் சிறிய டப்பாவும்தான். 200 கிராம் மட்டும் வெளியே, ஒளி புகாத எவர்சில்வர் சம்படத்தில். மீதியைக் காற்றுப் புகாமல் ஃபிரிட்ஜில் வைத்தால் ஆறு மாதம் தாங்கும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்ததும் திறக்காதீர்கள். டப்பாவின் வெளிப்புறத்தில் வேர்ப்பது நிற்கிற வரை, அரை மணி நேரமாவது, மூடியே வெளியில் இருக்கட்டும். உடனே திறந்தால் அந்த வேர்வை பொடியின் மேல் படியும். இன்னொன்று, கொதிக்கிற பாத்திரத்துக்கு மேலே டப்பாவைச் சாய்த்துப் பொடியைக் கொட்டுவது. அனேகமாக எல்லாரும் செய்வது, அரைத்த பொடி அற்பாயுசில் போவதும் அதனால்தான். ஒரு கிண்ணத்தில் எடுத்து வந்து போடுங்கள்.

ஈயச்சொம்பு

பெருங்காயத்தைப் பொடியில் சேர்க்காமல் தினமும் புதிதாகப் போடுவதுதான் என் கட்சி. அரைத்து வைத்தால் வேறு எந்தச் சாமானையும்விடச் சீக்கிரம் மணத்தை விடுவது அதுதான். கட்டியை மிளகு அளவுக்குக் கிள்ளி, எண்ணெய் மிதமான சூட்டில் இருக்கும்போது போட்டால் பொரி மாதிரி உப்பும். உப்பியதை எடுத்து நசுக்கினால் பொடியாக வேண்டும், நடுவில் பிசின் மாதிரி இழுத்தால் இன்னும் பொரிய வேண்டும். பொடிக்குள் போட்டே ஆக வேண்டுமென்றால் 10 கிராமையும் இப்படிப் பொரித்து, ஆற வைத்து, வீட்டு மிக்ஸியில் ஒரு பிடி பொடியோடு சேர்த்து அடித்து, மில்லிலிருந்து வந்த பொடி ஆறிய பிறகு கலந்துவிடுங்கள்.

தூள் பெருங்காயமாக இருந்தால் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். கடையில் கிடைப்பது பெரும்பாலும் கோதுமை மாவோ அரிசி மாவோ, கருவேலம் பிசினோ சேர்த்த கூட்டுப் பெருங்காயம். கோதுமை ஒத்துக்கொள்ளாதவர் வீட்டில் இருந்தால் அரிசி மாவு சேர்த்ததைத் தேடி வாங்க வேண்டும். நாம் காலங்காலமாகச் சாப்பிடுவது ஆப்கானிஸ்தானிலிருந்தும் ஈரானிலிருந்தும் வருகிற பிசின். இந்தியாவில் அந்தச் செடியை நட்டதே 2020 அக்டோபரில், இமாச்சலத்தின் லாஹவுல் பள்ளத்தாக்கில். சாம்பாரில் இவ்வளவு உள்ளூர்ப் பெருமை பேசுகிறவர்கள் இதை மட்டும் பேசுவதில்லை.

கத்திரிவத்தல்

கடைசியா ஒண்ணு. மிச்சம் சீரகம் 100 கிராம் கிடக்கு, இதே கையோட ரசப்பொடி அரைக்கலாம்னு இருக்கேன். அதுக்கும் வெந்தயம் உண்டா?

ஈயச்சொம்பு

வேண்டாம். தனியா 200, துவரம்பருப்பு 100, மிளகு 50, சீரகம் 50, மிளகாய் 50. பருப்பையும் தனியாவையும் வறுக்கலாம், மிளகை வெதுப்பினால் போதும், சீரகம் பச்சையாகவே. மில்லுக்குக் கொண்டு போகாமல் மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி ரவை பதத்தில் நிறுத்துங்கள். நைஸாக அரைத்தால் ரசம் தெளியாமல் கலங்கிக் குழம்பு மாதிரி நிற்கும். புளி கொதித்து, பருப்புத் தண்ணீர் விட்ட பிறகு ஒன்றரை ஸ்பூன். ஓரத்தில் நுரை கட்டி நடுவுக்கு வரும்போது இறக்கிவிடுங்கள்.